மோட்டார் போகல... தண்டவாளத்தைத் துடைங்க! மாதிரி ரயில் ஆசைக்காரர்களுக்கு ஒரு தூசிப் பாடம்

அரியலூர்க்காரர்களுக்குத் தூசியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சாலையோரம் வீடு இருந்தால், காலையில் துடைத்த திண்ணை மாலைக்குள் வெள்ளை பூத்துவிடும். பக்கத்தில் இருக்கும் பெரம்பலூருக்கு வேறொரு குறை. மாவட்டத் தலைநகரம்தான், ஆனால் ஊருக்குள் ரயில் நிலையம் இல்லை. ரயிலேற வேண்டுமென்றால் சுமார் 30 கி.மீ. தள்ளி அரியலூருக்கோ, இன்னும் தள்ளித் திருச்சிக்கோ போக வேண்டும். அரியலூரிலிருந்து பெரம்பலூர், துறையூர் வழியாக நாமக்கல்லுக்கு ரயில் பாதை கேட்டு மக்கள் பல வருடங்களாகக் குரல் கொடுத்துவருகிறார்கள்.

தூசி நிறைந்த ஓர் ஊர், ரயிலுக்கு ஏங்கும் ஓர் ஊர். இந்த இரண்டில் எங்கே ஒரு மாதிரி ரயிலை வீட்டில் ஓடவிட்டாலும், முதலில் எதிரே வந்து நிற்கப்போவது தூசிதான்.

பெட்டியைப் பிரித்த அன்று ரயில் ஜோராக ஓடும். ஒரு மாதம் கழித்து எடுத்தால் நின்று நின்று போகும். விரலால் தள்ளினால் நாலு அடி நகரும், மறுபடி நிற்கும். ‘மோட்டார் போச்சு’ என்று தீர்ப்பு சொல்லிப் பரணில் ஏற்றிவிடுவோம். பெரும்பாலும் மோட்டாருக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. தண்டவாளத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத அழுக்குப் படலம் இருக்கும். அதைத் துடைத்தால் அதே ரயில் மறுபடி ஓடும்.

12 வோல்ட் ரகசியம்

அரியலூர் வழியாகப் போகும் நிஜ மின்சார ரயில், தலைக்கு மேலே உள்ள கம்பியிலிருந்து 25,000 வோல்ட் மின்சாரத்தை எடுக்கிறது. மாதிரி ரயிலுக்கு மேலே கம்பி இருந்தாலும் அது பெரும்பாலும் அழகுக்குத்தான். அதற்கு மின்சாரம் வருவது காலடியிலிருந்து. இரண்டு தண்டவாளங்களும் இரண்டு வயர்கள். ஒன்றில் வரும் மின்சாரம் சக்கரம் வழியாக மோட்டாருக்குப் போய், மறுபக்கச் சக்கரம் வழியாக அடுத்த தண்டவாளத்துக்குத் திரும்புகிறது. சாதாரண வகை ரயில்களுக்கு 12 வோல்ட் டி.சி. போதும். தொட்டால் ஷாக் அடிக்காது.

பாதுகாப்பான அந்தக் குறைந்த வோல்டேஜேதான் பலவீனமும். நடுவில் மெல்லிய அழுக்கு வந்தால்கூட அதைத் தாண்டிப் போக 12 வோல்ட் திணறும். சக்கரமும் தண்டவாளமும் தொடும் இடம் குண்டூசி முனை அளவுதான். அங்கே ஒரு துகள் உட்கார்ந்தால் கரன்ட் கட்!

எடையும் சேர்ந்து விளையாடுகிறது. சரக்கு ரயில்களை இழுக்கும் ‘வேக்-9’ ரக எஞ்சினின் எடை 123 டன். 12 சக்கரங்களுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றின் மேலும் சுமார் 10 டன். தூசியெல்லாம் நசுங்கிப்போகும். உலகம் முழுக்கப் பிரபலமான ‘ஹெச்.ஓ.’ அளவு மாதிரி எஞ்சின், அதாவது நிஜத்தைவிட 87 மடங்கு சிறியது, 300 கிராம் இருந்தாலே கனமானது என்பார்கள். 8 சக்கரங்களுக்குப் பிரித்தால் தலா 40 கிராம்கூட வராது. அது தூசியை நசுக்காது, தூசியின் மேல் ஏறி நிற்கும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். நம் தலைமுடியின் தடிமன் 0.07 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 87 மடங்கு பெருக்கினால் 6 மி.மீ. நாம் ஊதித் தள்ளும் ஒரு முடி, அந்தச் சின்ன ரயிலுக்குத் தண்டவாளத்தில் குறுக்கே கிடக்கும் கயிறு!

அழுக்கு எங்கிருந்து வருகிறது?

தெருவிலிருந்து வரும் தூசி ஒரு பங்குதான். மற்றதெல்லாம் வீட்டுக்குள்ளேயே தயாராகிறது. துணியின் நூலிழை, நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள், சமையலறையிலிருந்து மிதந்து வரும் எண்ணெய்ப் புகை, தாளிப்பு ஆவி எல்லாம் தண்டவாளத்தில் வந்து படியும். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பெரம்பலூர்ப் பக்கம், அறுவடைக் காலத்துப் பஞ்சும் தூளும் காற்றிலேயே வரும். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் தூளோ மின்சாரத்தைக் கடத்தாத பொருள்.

ரயிலே உண்டாக்கும் அழுக்கும் உண்டு. கியருக்கு விட்ட எண்ணெய் கசிந்து சக்கரத்துக்கு வரும், சக்கரம் அதை லேஅவுட் முழுக்கப் பூசிவிடும். பெட்டிகளின் பிளாஸ்டிக் சக்கரங்கள் தேய்ந்து தூளாகும். இவற்றைவிட முக்கியமானது, சக்கரம் உருளும்போது கண்ணுக்குத் தெரியாமல் தெறிக்கும் நுண்ணிய மின்பொறி. அது உலோகத்தைக் கருக்கி ஒருவித கறுப்புப் படலத்தை உண்டாக்குகிறது. நாலு சுற்று ஓடிய தண்டவாளத்தை வெள்ளைத் துணியால் தேய்த்தால் வருமே ஒரு கறுப்புக் கோடு, அதுதான் இது.

தண்டவாளம் எந்த உலோகம் என்பதும் முக்கியம். பித்தளைத் தண்டவாளம் சீக்கிரம் மங்கும், அடிக்கடி துடைக்க வேண்டும். அதனால் இன்று பெரும்பாலும் ‘நிக்கல் சில்வர்’ பயன்படுத்துகிறார்கள். பெயரில்தான் வெள்ளி. உள்ளே இருப்பது செம்பு, துத்தநாகம், நிக்கல். நம் பாத்திரக்கடைகளில் ‘ஜெர்மன் சில்வர்’ என்று சொல்கிறார்களே, அதே குடும்பம். இது மங்கினாலும் பித்தளை அளவுக்கு மின்சாரத்தைத் தடுப்பதில்லை.

பெரிய ரயிலுக்கும் இதே தலைவலி

இது பொம்மை ரயிலின் பிரச்னை மட்டும் என்று நினைக்க வேண்டாம். நிஜ ரயில்வேயில் ‘டிராக் சர்க்யூட்’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. தண்டவாளத்தின் ஒரு பகுதியில் சிறிய அளவு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். ரயில் வந்ததும் அதன் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்து அந்த மின்சாரத்தைத் திசைதிருப்பிவிடும். மறுமுனையில் இருக்கும் ரிலே விழும், பின்னால் உள்ள சிக்னல் சிவப்பாகும். ‘இங்கே ஒரு ரயில் நிற்கிறது, யாரும் வராதே’ என்று அர்த்தம்.

தண்டவாளத்தில் துருவோ அழுக்கோ படிந்து சக்கரம் சரியாகத் தொடாவிட்டால்? ரயில் நின்றுகொண்டிருக்கும், ஆனால் சிக்னல் கருவிக்கு அது தெரியாமல் போகக்கூடும். அதிகம் ரயில் ஓடாத பாதைகளில் இந்த ஆபத்து கூடுதல். சக்கரங்களை எண்ணிக் கணக்கு வைக்கும் ‘ஆக்சில் கவுன்ட்டர்’ கருவிகள் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சக்கரம் வழுக்கினால் எஞ்சினிலிருந்து மணலைத் தண்டவாளத்தில் தூவுவார்கள். பிடிமானம் கிடைக்கும். அதே மணல் அளவுக்கு மீறினால் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் மெத்தை போட்ட மாதிரி ஆகி மின்தொடர்பைக் கெடுக்கும். பிரிட்டனில் இலையுதிர் காலம் வந்தால், நசுங்கிய இலைகள் தண்டவாளத்தில் வழுவழுப்பான படலமாக ஒட்டிக்கொள்ளும். அதை அகற்றவே தண்ணீரைப் பீய்ச்சியடித்துக்கொண்டு தனி ரயில்கள் ஓடுகின்றன.

நம் ஊர்க் கதையும் உண்டு. ரயில் கழிவறைகளிலிருந்து கழிவு நேராகத் தண்டவாளத்தில் விழுந்த காலத்தில், அது சுகாதாரத்தை மட்டும் கெடுக்கவில்லை. இரும்பையும் அதைப் பிடித்திருக்கும் கிளிப்புகளையும் சேர்த்து அரித்தது. பயோ டாய்லெட் வந்த பிறகு, மானாமதுரை - ராமேஸ்வரம் இடையிலான 114 கி.மீ. பாதை, கழிவு விழாத நாட்டின் முதல் ‘பசுமை ரயில் வழித்தடம்’ என 2016 ஜூலையில் அறிவிக்கப்பட்டது.

லேஅவுட் பெரிதானால் கையால் ஆகாது

மேஜை மேல் வட்டமாக ஓடும் சின்ன செட்டுக்கு ஒரு துணி போதும். பெரிய லேஅவுட்டுக்கு? பெரம்பலூருக்கு வராத ரயிலை வீட்டிலாவது விடலாம் என்று, அரியலூரிலிருந்து அந்த 30 கி.மீ. பாதையை 1:87 அளவில் அப்படியே போடுவதாகக் கற்பனை செய்யுங்கள். சுமார் 345 மீட்டர் நீளம் வரும். இரண்டு பக்கத் தண்டவாளங்களையும் சேர்த்தால் துடைக்க வேண்டியது 690 மீட்டர். குகைக்குள்ளும் மலைக்குப் பின்னாலும் கை எட்டாது.

அங்கேதான் ‘ரயிலைக் கொண்டே தண்டவாளத்தைத் துடைப்பது’ என்ற யோசனை வருகிறது. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் மான்ட்ரேயில் வாழ்ந்த ஜான் ஆலன், மாதிரி ரயில் உலகில் ஒரு பெரிய பெயர். தன் வீட்டின் அடித்தளத்தில் மலையும் பாலமுமாக அவர் கட்டிய பிரமாண்ட லேஅவுட்டில், சரக்குப் பெட்டியின் அடியில் ஒரு சின்ன ஹார்டுபோர்டு துண்டைத் தொங்கவிட்டார். பெட்டி ஓட ஓட அந்தப் பலகை தண்டவாளத்தை உரசிக்கொண்டே போகும். தனியாக உட்கார்ந்து துடைக்க வேண்டிய வேலையை, தினமும் ஓடும் சரக்கு ரயிலே செய்தது. 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாள்களிலேயே தீ விபத்தில் அந்த லேஅவுட்டின் பெரும்பகுதி அழிந்துபோனது. ஆனால் அந்தப் பலகை உத்தி இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது.

ஹார்டுபோர்டு என்றால் எங்கே தேடுவது என்று யோசிக்காதீர்கள். பரீட்சைக்குக் கொண்டுபோகும் கிளிப் அட்டை இருக்கிறதே, பழுப்பு நிறத்தில் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும், அதேதான்!

ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 2001-ல் திறக்கப்பட்ட ‘மினியேச்சர் வண்டர்லேண்ட்’, உலகின் மிகப் பெரிய மாதிரி ரயில் லேஅவுட். இதுவும் ஹெச்.ஓ. அளவுதான். தண்டவாள நீளம் மட்டும் 15 கி.மீ.க்கு மேல். ஆயிரத்துக்கும் அதிகமான ரயில்கள். இந்தியாவில் பார்க்க வேண்டுமென்றால் புனே போகலாம். அங்கே கோத்ருட் பகுதியில் பாவுசாகேப் ஜோஷி என்ற ஆர்வலர் ஒரு குட்டி நகரத்தையே உருவாக்கி, அதில் பல வகை ரயில்களை ஓடவிட்டார். 1998 ஏப்ரல் 1-ல் திறக்கப்பட்ட ‘ஜோஷிஸ் மியூசியம் ஆஃப் மினியேச்சர் ரயில்வேஸ்’ அதுதான். பார்வையாளர்கள் வந்துபோகும் இடத்தில் அவர்களின் துணியோடும் செருப்போடும் தூசியும் டிக்கெட் இல்லாமல் உள்ளே வரும். இப்படிப்பட்ட இடங்களில் துடைப்பது வாரக்கடைசி வேலையாக இருக்க முடியாது, அன்றாட வேலை.

வீட்டில் எப்படிச் செய்வது?

1. முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். அடாப்டரைப் பிளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள். ரயில்களை எடுத்துத் தனியே வையுங்கள்.

2. ஈரத்துக்கு முன்னால் காய்ந்த துடைப்பு. மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, வேக்வம் கிளீனரால் உறிஞ்சுங்கள். குழாயின் வாயில் ஒரு துண்டு கொசுவலையைக் கட்டினால், குட்டி மனிதர்களும் மரங்களும் உள்ளே போகாமல் தப்பிப்பார்கள். சிமென்ட், சுண்ணாம்புத் தூசி இருக்கும் ஊர்களில் இந்த வரிசையை மாற்றவே கூடாது. ஈரத்துணியை முதலில் வைத்தால் தூசி குழம்பாகி, ஸ்லீப்பர் இடுக்கில் போய் இறுகிவிடும்.

3. பிறகு திரவம். பஞ்சு உதிராத பழைய பருத்தித் துணியில் சில சொட்டுகள் விட்டு, தண்டவாளத்தின் மேல்பகுதியையும் உள்விளிம்பையும் துடையுங்கள். மருந்துக்கடையிலும் எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும்.

4. சக்கரத்தை மறந்தால் வேலை பாதிதான். துணியை ஆல்கஹாலில் நனைத்துத் தண்டவாளத்தின் மேல் போடுங்கள். அது நன்றாக உலர்ந்து, ஆவி அடங்கியதும் மின்சாரத்தைக் கொடுத்து, எஞ்சினின் ஒரு பாதிச் சக்கரங்கள் துணி மேலும் மறுபாதி வெறும் தண்டவாளத்திலும் இருக்குமாறு பிடித்துக்கொள்ளுங்கள். சக்கரம் சுழன்று தன் அழுக்கைத் தானே துணியில் கோடு போடும். பிறகு எஞ்சினைத் திருப்பிவைத்து மறுபாதிக்கும் அதையே செய்யுங்கள். பெட்டிகளின் சக்கரங்களைக் காது குடையும் பட்ஸால் துடைக்கலாம்.

5. தண்டவாளம் பிரியும் இடங்களில் கூடுதல் கவனம். நகரும் தண்டவாள முனை மற்றதைத் தொடும் இடத்தில்தான் மின்சாரம் அடிக்கடி விட்டுப்போகும்.

ஆல்கஹாலா, மண்ணெண்ணெயா?

இந்த ஆர்வலர்களிடையே இப்படி ஒரு பட்டிமன்றமும் நடக்கிறது. அமெரிக்காவின் ‘மாடல் ரெயில்ரோட் ஹாபியிஸ்ட்’ இதழின் பதிப்பாளர் ஜோ ஃப்யூகேட், 2019-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆல்கஹால் போன்ற ‘போலார்’ வகைத் திரவங்களின் மிச்சம் நுண்ணிய மின்பொறிகளுக்கு இடம் கொடுக்கிறது, அதனால் சீக்கிரமே மறுபடி கறுப்பு படிகிறது. மண்ணெண்ணெய் போன்ற ‘நான்-போலார்’ திரவங்களில் அந்தத் தொல்லை குறைவு என்பது அவர் வாதம். பலர் மாறினார்கள், பலர் ஆல்கஹாலையே தொடர்கிறார்கள். எதுவானாலும் இரண்டுமே தீப்பிடிக்கும். சொட்டுக் கணக்கில் எடுங்கள், ஜன்னலைத் திறந்துவையுங்கள், முழுதாகக் காய்ந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். குழந்தைகள் இந்தத் திரவங்களைத் தனியாகக் கையாள வேண்டாம்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்!

• பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் கூடவே கூடாது. உதிரும் இரும்பு இழைகளை மோட்டாரின் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போது நிஜமாகவே மோட்டார் போய்விடும்.

• உப்புத்தாளால் தேய்த்தால் அன்றைக்குப் பளபளக்கும். அது போட்ட கீறல்களில் அடுத்த வாரம் அழுக்கு குடியேறும். மிகவும் தேவையென்றால் இதற்கென விற்கும் ரப்பர் கட்டியால் மெதுவாகத் தேய்க்கலாம்.

• ஹேண்ட் சானிட்டைசர் வேண்டாம். அதில் ஆல்கஹாலோடு கிளிசரின் போன்றவையும் இருக்கும், பிசுபிசுப்பு தங்கிவிடும்.

• ‘ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா சரியாயிடும்’ என்று தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். எஞ்சினுக்குத் தேவை ஊசிமுனை அளவு எண்ணெய், அதுவும் பிளாஸ்டிக்குக்கு ஒத்துவருவது. மிச்சமெல்லாம் தண்டவாளத்துக்குத்தான் வரும்.

துடைப்பதைக் குறைக்க வழி உண்டா?

உண்டு. லேஅவுட்டை ஓட்டாத நேரத்தில் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுங்கள். சமையலறைக்குப் பக்கத்து அறையையும், ரோட்டுப் பக்க ஜன்னலையும் தவிருங்கள். மேலே வெறும் ஓடாக இருந்தால் ஒரு துணிக்கூரை கட்டுங்கள். பிளாஸ்டிக் சக்கரங்களுக்குப் பதிலாக உலோகச் சக்கரங்களை மாற்றலாம். எல்லாவற்றையும்விட எளிய வழி, ரயிலை அடிக்கடி ஓட்டுவது. ஓடிக்கொண்டே இருக்கும் பாதையில் தூசி தங்க நேரமில்லை.

டிஜிட்டல் முறையில் இயங்கும் ரயில்கள் கண நேரத் துண்டிப்புக்கே தடுமாறும். எஞ்சினுக்குள் சின்ன கெப்பாசிட்டர் வைத்தால் அந்த நொடியைத் தாண்டிவிடும். பேட்டரியை எஞ்சினுக்குள்ளேயே வைத்து ரிமோட்டில் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தண்டவாளம் வெறும் பாதை மட்டுமே. ஆனாலும் ஒரு கல் கிடந்தால் அந்த ரயிலும் கவிழும்.

தண்டவாளத்தைப் பார்க்கும் கண்

ரயில் என்றதும் நாம் எல்லோரும் எஞ்சினைத்தான் பார்க்கிறோம். தண்டவாளத்தை யாரும் பார்ப்பதில்லை. அதைப் பார்க்க வேண்டியது எவ்வளவு முக்கியம் என்பதற்கு அரியலூர் கொடுத்த விலை பெரிது. 1956 நவம்பர் 23 அதிகாலை, மருதையாற்று வெள்ளம் பாலத்தை ஒட்டிய மண்ணை அரித்திருந்தது. அந்த வழியாக வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். எஞ்சினில் கோளாறு இல்லை. அதன் காலடியில் இருந்தது சரியில்லை.

இன்றும் வெயிலோ மழையோ, சுத்தியலும் ஸ்பேனருமாகத் தண்டவாளத்தில் நடந்தே போய் ஒவ்வொரு கிளிப்பையும் பார்த்துச் சரிசெய்யும் ‘கீமேன்’களும் டிராக்மேன்களும் இருக்கிறார்கள். அவர்கள் நடந்த பாதையில்தான் நாம் ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டே போகிறோம்.

எனவே, பரணில் கிடக்கும் அந்த ரயில் பெட்டியை இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்குங்கள். புது மோட்டார் வாங்கும் முன் ஒரு பழைய துணியை எடுத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து துடைத்துப் பாருங்கள். ரயில் ஓடினால் செலவு மிச்சம். கூடவே, அடுத்த முறை அரியலூர் பிளாட்ஃபாரத்தில் நிற்கும்போது பிள்ளைகளின் கண் எஞ்சினோடு நிற்காது, அதற்குக் கீழேயும் போகும்.